பேட்டரிப் பங்கு வாங்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க ஐக்கிய நாட்டில், முக்கியமாகச் சான் ஹோசே, ஃப்ரீமாண்ட், ஆஸ்டின் முதலிய நகரங்களில் தொழில்நுட்ப உத்தியோகங்களில் அமர்ந்து, மாதந்தோறும் கையில் மிஞ்சும் பணத்தை எதில் முதலிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் தமிழ் அன்பர்களுக்கு:

இன்னும் ஒரு சரக்கைக்கூடச் சந்தைக்கு அனுப்பாத, ஆயினும் மோட்டார் வாகன உலகத்தையே மாற்றியமைக்கப் போவதாக அறிவித்திருக்கிற இளம் பேட்டரிக் கம்பெனிகளின் பங்குகளை உங்களில் பலர் வாங்கியிருக்கிறீர்கள்; வாங்காத சிலர் வாங்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். இத்தகைய பங்குகளில் பணத்தைத் தொலைப்பவன் விஷயம் அறியாத பாமரன் என்று பொதுவாக ஓர் அபிப்பிராயம் நிலவுகிறது. என் அபிப்பிராயம் அதுவன்று. விஷயம் அறியாதவன் பெரும்பாலும் அஞ்சி ஒதுங்கிவிடுகிறான். அயனி எவ்வாறு நகர்கிறது, மின்முனையில் என்ன நிகழ்கிறது என்பதையெல்லாம் ஓரளவு கற்றறிந்த பொறியாளனே, தொழில்நுட்பத்தைச் சீர்தூக்கிப் பார்த்துவிட்டதனால் முதலீட்டையும் சீர்தூக்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு, துணிந்து பெருந்தொகையை இடுகிறான். அவை வெவ்வேறு விஷயங்கள். விஞ்ஞானம் முழு வெற்றி பெற்று உலகெங்கும் பரவிய பிறகும், அதை முதலில் நம்பிப் பணம் கொடுத்தவர்கள் ஒன்றுமில்லாமல் நின்ற சரித்திரம் இத்துறையில் உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் யெட்-மிங் சியாங் முதலியோர் 2001-இல் ஏ123 சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற சேர்மத்தை நேர்மின்முனையாகக் கொண்ட பேட்டரியை அவர்கள் உற்பத்தி செய்தார்கள். அச்சேர்மம் பேட்டரிக்கு உகந்தது என்பதை 1990-களில் உலகுக்குக் காட்டியது, ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் நடத்திவந்த ஆராய்ச்சிக்கூடம். அதற்கும் முன்னரே, 1980-களில், அவ்வகைச் சேர்மங்களின் மின்னழுத்தத்தை உயர்த்தும் மார்க்கத்தைக் குடினஃபோடு சேர்ந்து கண்டவர், தென் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து மதுரையிலும் சென்னையிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம். 2019 டிசம்பரில், நோபல் பரிசு பெற்ற குடினஃபுக்கு மாற்றாக ஸ்டாக்ஹோமில் நோபல் பேருரையை நிகழ்த்தியவரும் அவரே. ஆஸ்டினில் வாழும் அன்பர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படுவது நியாயந்தான்.

விஞ்ஞானத்தின் வேர் இவ்வளவு உறுதியாக இருந்த அக்கம்பெனிக்கு அரசாங்கத்தின் ஆதரவும் குறைவின்றிக் கிடைத்தது. 2009-இல் அமெரிக்க எரிசக்தித் துறை ஏறத்தாழ 25 கோடி டாலர் மானியம் அளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் 13.50 டாலர் விலையில் வெளியிடப்பட்ட பங்கு, முதல் நாளிலேயே 20 டாலரைத் தாண்டியது. மூன்றே ஆண்டுகளில் நிலை மாறியது. மின்சார வாகனங்களுக்கு எதிர்பார்த்த கிராக்கி உரிய காலத்தில் வரவில்லை. கம்பெனியோ ஃபிஸ்கர் என்ற ஒரு சிறு கார் உற்பத்தியாளரைப் பெரிதும் நம்பியிருந்தது. அந்நிலையில், மிஷிகன் மாநிலத்து லிவோனியாவிலிருந்த தொழிற்சாலையில் வெல்டிங் யந்திரம் ஒன்று சரியாக அளவு திருத்தப்படாமல் ஓடியதால் குறையுள்ள மின்கலங்கள் வாகனங்களுக்குள் சென்றுவிட்டன என்று 2012 மார்ச்சில் கம்பெனி அறிவிக்க நேர்ந்தது. அவற்றை மாற்றித் தரும் செலவு ஏறத்தாழ ஐந்தரைக் கோடி டாலர். அக்டோபரில் கம்பெனி திவால் மனு தாக்கல் செய்தது. சீன தேசத்து வான்ஷியாங் குழுமம் அதன் பெரும்பகுதியை ஏலத்தில் எடுத்தது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-இல் உலகில் மின்சார வாகனங்களுக்குச் சென்ற பேட்டரிகளில் ஏறத்தாழப் பாதி அதே இரும்பு பாஸ்பேட் இனத்தைச் சேர்ந்தவை. 2009-இல் அந்த ரசாயனத்தை நம்பியவர் தம் மதிப்பீட்டில் சற்றும் பிழைக்கவில்லை. இருந்தும் அவர் கையிலிருந்த பங்குப் பத்திரம் வெறும் காகிதமாயிற்று.

ரசாயனமே கைவிட்ட கதையும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1977-இல் தோன்றிய மோலி எனர்ஜி என்ற கம்பெனி, லித்தியம் உலோகத்தையே எதிர்மின்முனையாக வைத்து, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய பேட்டரியைச் செய்து விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டது. ஏறும் மின்சாரத்தோடு வந்து படியும் லித்தியம், சமமாகப் படியாமல் முள்முள்ளாக வளர்ந்து, இடையிலுள்ள பிரிப்பானைத் துளைத்து மறுபக்கத்தைத் தொட்டுவிடும் இயல்புடையது. அந்தக் கணத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். 1989-இல் ஜப்பானில் ஒரு கைத்தொலைபேசியில் அவ்வாறே தீப்பிடிக்க, விற்ற பேட்டரிகளையெல்லாம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே கம்பெனி, கடன் கொடுத்தவர்களுக்காக நியமிக்கப்பட்ட பொறுப்பாளர் கைக்குப் போயிற்று. 1991-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட லித்தியம் அயனி பேட்டரி, உலோகத்தை அறவே ஒதுக்கிவிட்டுக் கரிப்பொருளுக்குள் லித்தியத்தைக் குடியேற்றிய காரணத்தாலேயே நிலைபெற்றது. நீங்கள் இன்று வாங்க நினைக்கும் திடநிலை பேட்டரிக் கம்பெனிகளில் பல, சோனி விலகிச் சென்ற அந்த உலோகத்துக்கே திரும்புகின்றன. முள்ளைத் தடுத்து நிறுத்தும் திடமான தடுப்பு ஒன்று தங்களிடம் இருக்கிறது என்பதே அவற்றின் வாக்குறுதி.

அவ்வாக்குறுதியை மிகப் பிரசித்தமாக அளித்தது குவாண்டம்ஸ்கேப். ஜக்தீப் சிங், டிம் ஹோம், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஃப்ரிட்ஸ் பிரின்ஸ் ஆகியோர் 2010-இல் தொடங்கிய இக்கம்பெனி உங்கள் சான் ஹோசேயிலேயே இருக்கிறது. பீங்கான் போன்ற மெல்லிய பிரிப்பானே அதன் மூலதனமான கண்டுபிடிப்பு. ஃபோக்ஸ்வாகன் 2012 முதலே அதில் பணமிட்டு வந்தது. 2020 நவம்பரில், வெறுங்கூடான ஒரு பட்டியலிட்ட கம்பெனியோடு இணைவதென்ற 'ஸ்பேக்' மார்க்கத்தில் அது நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. டிசம்பர் 22-ஆம் தேதி ஒரு பங்கு 131 டாலருக்கு மேல் விலைபோயிற்று. விற்பனை வருவாய் என்று ஒரு காசும் இல்லாத அக்கம்பெனியின் மொத்த மதிப்பு அன்று ஏறத்தாழ 4,800 கோடி டாலர்; ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் மதிப்பு அதைவிடக் குறைவு. இரண்டே வாரத்தில், 2021 ஜனவரி 4-ஆம் தேதி, ஒரே நாளில் விலை ஏறத்தாழ நாற்பது விழுக்காடு சரிந்தது. 2024 முடிவில் அது ஆறு டாலருக்கும் கீழே இருந்தது. உச்சத்தில் நூறு டாலர் இட்டவருக்கு ஐந்து டாலர்கூட மிஞ்சவில்லை.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் அந்த விஞ்ஞானம் பொய்" என்று முடிவு கட்டுவது அவசரமாகும். 2020 டிசம்பரில் அக்கம்பெனி தன் ஆராய்ச்சி முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிட்டபோது, கால் மணி நேரத்தில் எண்பது விழுக்காடு மின்னேற்றம், எண்ணூறு சுற்றுக்குப் பிறகும் பெரும்பகுதி கொள்ளளவு என்று அது காட்டியவை மெய்யாகவே வியக்கத்தக்க அளவைகள். ஆனால் அவை ஒற்றை அடுக்கு மின்கலத்தின் அளவைகள். வாகனத்துக்கு வேண்டியதோ பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கலம். இருபத்துநான்கு அடுக்குள்ள முதல் மாதிரிகள் வாகன உற்பத்தியாளரிடம் சென்றது 2022 டிசம்பரில். குவாண்டம்ஸ்கேப்பின் மின்கலங்கள் பொருத்திய டுகாட்டி பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்று மியூனிக் கண்காட்சியில் மக்கள் முன் ஓடியது 2025 செப்டம்பரில். ஆகவே ஆராய்ச்சி பின்வாங்கவில்லை. ஆண்டுதோறும் முன்னேறியே வந்திருக்கிறது. ஆனாலும் 2024 முடிவு வரை ஆராய்ச்சி முன்னேற முன்னேறப் பங்கின் விலை இறங்கியது என்பதைத்தான் பொறியாளர்களாகிய நீங்கள் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் அடுக்குக்கும் இருபத்துநான்கு அடுக்குக்கும் இடையே இரண்டு ஆண்டுகள் ஏன் கழிகின்றன? வீட்டில் நாலு பேருக்கு நன்றாகச் சமைப்பவரைக் கல்யாணப் பந்திக்குப் பொறுப்பாக நிறுத்தினால் நேரும் இடர்ப்பாடு இதிலும் உண்டு. இங்கே அதை எண்ணாலேயே கணக்கிட்டுக் காட்டலாம். ஓர் அடுக்கில் முன்கூட்டிப் பிடிபடாத குறை நூற்றுக்கு ஒன்று இருக்கிறதென்றும், ஓர் அடுக்கு பழுதானாலும் கலம் முழுவதும் பழுதே என்றும் கொள்வோம். இருபத்துநான்கு அடுக்குக் கலங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தொன்பதே தேறும். குறை நூற்றுக்கு ஐந்தானால் தேறுபவை இருபத்தொன்பது. ஆராய்ச்சிக்கூடத்தில் "தொண்ணூற்றைந்து விழுக்காடு வெற்றி" என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கப்படும் ஒன்று, தொழிற்சாலையில் பெரும்பகுதி குப்பைக்குப் போகும் உற்பத்தியாக முடியும். லித்தியத்தைத் திரும்பப் பெறும் திறனும் இவ்வாறே. ஒரு சுற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு லித்தியம் மட்டுமே வீணாகிறது என்றால் அது அற்பமாகத் தோன்றும். மிகையான லித்தியம் ஒதுக்கி வைக்கப்படாத கலத்தில், எண்ணூறு சுற்று முடியும்போது பாதியும் மிஞ்சாது. அந்த இழப்பைப் பதினாயிரத்தில் இரண்டு பங்காகக் குறைத்தால் எண்பத்தைந்து விழுக்காடு மிஞ்சும். 99.9-க்கும் 99.98-க்கும் உள்ள வேற்றுமை பத்திரிகைச் செய்தியில் தென்படுவதே இல்லை. ஆகவே ஓர் அறிவிப்பு வரும்போது, எத்தனை அடுக்கு, எந்தப் பரப்பு, எந்த வெப்பநிலை, கலத்தை எவ்வளவு அழுத்தத்தில் இறுக்கிப் பிடித்துச் சோதித்தார்கள், எந்த வேகத்தில் மின்னேற்றினார்கள் என்று கேளுங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று கூறாமல் விடப்பட்டிருந்தால், அது இடம் போதாமையால் விடப்பட்டதென்று நான் எண்ணமாட்டேன்.

காலம் என்பது இத்தொழிலில் பணத்தால் வாங்க இயலாத சரக்கு. மென்பொருள் உலகில் பழகிய உங்களுக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை. அங்கே பிழை நேர்ந்தால் இரவோடு இரவாகத் திருத்தி மறுநாள் காலையில் வெளியிட்டுவிடலாம். பேட்டரியிலோ, மூன்று மணி நேரம் மின்னேற்றி மூன்று மணி நேரம் இறக்கினால் ஒரு நாளில் நான்கு சுற்றுக்கு மேல் ஆகாது. ஆயிரம் சுற்றுக்கு இருநூற்றைம்பது நாள், இடைவிடாமல் ஓடினால். சோதனையின் நடுவில் ஒரு சேர்க்கைப்பொருளை மாற்றினால், எண்ணிக்கையை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வாகன உற்பத்தியாளர்களோ ஏ மாதிரி, பி மாதிரி, சி மாதிரி என்று படிப்படியாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் தம் கூடத்தில் தாமே சோதித்து, அதற்குப் பிறகே ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவார்கள். இத்தனையும் நடக்கிற காலம் முழுவதும் சம்பளமும் வாடகையும் யந்திரச் செலவும் போய்க்கொண்டே இருக்கின்றன. அச்செலவை ஏற்பவர் யார் என்பதுதான் முதலீட்டாளருடைய முதற் கேள்வியாக இருக்க வேண்டும்.

விடை பங்குதாரரே. குவாண்டம்ஸ்கேப்பின் நிகர நஷ்டம் 2022-இல் ஏறத்தாழ 41 கோடி டாலர். 2023-இல் நாற்பத்துநாலரைக் கோடி. 2024-இல் 48 கோடி. விற்பனை இல்லாத கம்பெனி இத்தொகையை ஈடு செய்வதற்குப் புதிய பங்குகளை வெளியிடுவதைத் தவிர வேறு பிரதான வழி இல்லை. 2021 மார்ச்சில் அது வெளியிட்ட பங்கின் விலை 40 டாலர். 2023 ஆகஸ்டில் அதே கம்பெனி வெளியிட்ட பங்கின் விலை 8 டாலர். ஒரே தொகையைத் திரட்டுவதற்கு இரண்டாம் முறை ஐந்து மடங்கு பங்குகளை அச்சிட வேண்டும். பழைய பங்குதாரரின் உரிமை அந்த அளவுக்குக் கரையும். விலை சரிந்தாலும் கம்பெனி நல்ல கம்பெனிதானே, காத்திருந்தால் ஏறாதா என்று கேட்பவர்கள் இந்தக் கரைசலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. லாபம் ஈட்டும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தால் கம்பெனிக்கு உடனடிக் கேடு ஒன்றும் இல்லை. பிறர் பணத்தால் உயிர்வாழும் கம்பெனியின் விலை சரிந்தால், அச்சரிவே அதன் ஆயுளைக் குறைக்கிறது.

வருங்காலக் கணக்குகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாதாரணமாகப் பங்கு வெளியிடும் கம்பெனிகள் பத்தாண்டுக்குப் பிந்திய வருவாயை ஊகித்து எழுதுவதில்லை; வழக்குக்கு அஞ்சும். ஸ்பேக் மார்க்கத்தில் வந்தவையோ, இணைப்பு என்ற பெயரால் அந்த அச்சம் தமக்கு இல்லையென்று கருதி, தாராளமாக எழுதின. வருவாயே இல்லாத குவாண்டம்ஸ்கேப் 2028-க்கு அறுநூறு கோடி டாலருக்கு மேற்பட்ட வருவாயைக் காட்டியது அவ்விதமே. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்கு ஒழுங்காணையம் புதிய விதி இயற்றி, வருங்கால ஊகங்களுக்கு வழக்கிலிருந்து கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு ஸ்பேக் இணைப்புகளுக்குச் செல்லாது என்று தெளிவாக்கியது. அதற்குள் பலர் அந்த வருங்காலக் கணக்குகளைப் பார்த்துப் பணம் கொடுத்து முடித்திருந்தார்கள். அன்றியும், 2020-இல் தானே ஆலை அமைத்து மின்கலம் விற்கும் கம்பெனியாக அறிமுகமான குவாண்டம்ஸ்கேப், 2024 ஜூலையில் ஃபோக்ஸ்வாகனின் பேட்டரிப் பிரிவாகிய பவர்கோவுக்கு உற்பத்தி உரிமம் அளித்து உரிமத்தொகை பெறும் வழிக்குத் திரும்பியது. மூலதனச் செலவைக் குறைப்பதால் அது புத்திசாலித்தனமான மாற்றம் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் உற்பத்தியாளனின் முழு வருவாயை எண்ணி விலை கொடுத்தவருக்கு இப்போது கிடைப்பது அதில் ஒரு சிறு பகுதியாகிய உரிமத்தொகையின் பங்கு. வாங்கிய பொருளே வேறாகிவிட்டது.

இதற்கிடையில் பழைய பேட்டரியும் சும்மா இருப்பதில்லை. ப்ளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் ஆண்டுக் கணக்கெடுப்பில், லித்தியம் அயனி பேட்டரித் தொகுதியின் சராசரி விலை 2010-இல் ஒரு கிலோவாட்-மணிக்கு ஆயிரம் டாலருக்கு மேல், 2020-இல் 137, 2024-இல் 115. ஐந்தாண்டுக்கு முன் வகுத்த திட்டத்தில் எந்த விலைக்குக் கீழே விற்றால் போதுமென்று புதிய கம்பெனி எண்ணியதோ, அந்த விலைக்கும் கீழே சாதாரணப் பேட்டரியே இன்று இறங்கிவிட்டது. பிட்ஸ்பர்கில் உப்புநீர் பேட்டரி செய்த அக்வியான் எனர்ஜி, கார்னகி மெல்லன் பேராசிரியர் ஒருவரின் நேர்மையான கண்டுபிடிப்பாலும் பில் கேட்ஸ் முதலியோரின் பணத்தாலும் வளர்ந்தது; தீப்பிடிக்காது, நஞ்சில்லாதது என்ற குணங்களெல்லாம் மெய்யாகவே இருந்தன; லித்தியத்தின் விலைச் சரிவோடு ஓட முடியாமல் 2017 மார்ச்சில் திவாலுக்குப் போயிற்று.

"பில் கேட்ஸே பணமிட்டிருக்கிறாரே, ஃபோக்ஸ்வாகன் உள்ளே இருக்கிறதே" என்று நீங்கள் சொல்லும் சமாதானத்துக்கும் இங்கேயே பதில் கிடைக்கிறது. சுவீடனின் நார்த்வோல்ட் பேட்டரி நிறுவனத்தில் ஃபோக்ஸ்வாகனுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. கோல்ட்மன் சாக்ஸ் நிதிகள் அடுத்த இடத்தில் இருந்தன. ஷெலெஃப்தியோ நகரில் மாபெரும் ஆலையும் எழுந்தது. ஆலை கணித்தபடி உற்பத்தி செய்யவில்லை. 2024-இல் பி.எம்.டபிள்யூ இருநூறு கோடி யூரோ மதிப்புள்ள கொள்முதல் ஆணையை ரத்து செய்தது. நவம்பரில் நார்த்வோல்ட் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியபோது கையிருப்பு மூன்று கோடி டாலர், கடன் 580 கோடி டாலர். 2025 மார்ச்சில் சுவீடனிலேயே திவாலாயிற்று. பெருமுதலாளிகளுக்கு அது ஏட்டில் ஒரு வரி நஷ்டம். அவர்கள் பத்து இடங்களில் இட்டு ஒன்றில் எடுப்பவர்கள். பல சமயங்களில் உங்களுக்கு முந்தி, உங்களைவிடக் குறைந்த விலையில், கலைப்பின்போது முன்னுரிமையுள்ள பங்குகளையும் பெற்றவர்கள். வாகனக் கம்பெனியாயின், பேட்டரி தேறாவிட்டாலும் அந்த ஆராய்ச்சியிலிருந்து அறிவையேனும் ஈட்டுபவர்கள். அவர்கள் செய்வதையே நீங்களும் செய்கிறீர்கள் என்று எண்ணுவது மயக்கம். நம்மவர் ஒருவர் தலைமையில் இருப்பதும் காரணமாகாது. குவாண்டம்ஸ்கேப்பின் தலைமை நிர்வாகியாக 2024 பிப்ரவரியில் பொறுப்பேற்ற சிவா சிவராம், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பழைய மாணவர். அவரைப் பாராட்டுவதற்குப் பங்கு வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

அபாயத்தை எப்படித்தான் எடைபோடுவது என்று கேட்பீர்கள். நான் செய்யும் கணக்கு மிகச் சாமானியமானது. வாசல்கள் நான்கு: ரசாயனம் வாகனத்தின் மெய்யான நிலைமைகளில் வேலை செய்ய வேண்டும், ஆலை குறைந்த கழிவோடு ஓட வேண்டும், போட்டி விலையில் வாங்குபவர் இருக்க வேண்டும், இவ்வளவுக்கும் பிறகு வரும் லாபம், கரைந்துபோகாமல் உங்கள் பங்கை வந்தடைய வேண்டும். ஒவ்வொரு வாசலையும் கடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபது என்று தாராளமாகவே வைத்தாலும், நான்கையும் கடக்கும் வாய்ப்பு பதின்மூன்று. எழுபதென்று வைத்தால் இருபத்துநான்கு. அறுபதையே கொள்வோம். தோற்றால் எல்லாம் போகுமாதலால், வென்றால் ஏழரை மடங்குக்கு மேல் கிடைத்தால்தான் சராசரியில் போட்ட முதலேனும் தேறும். பத்தாண்டு காத்திருப்பதற்கு ஆண்டுக்கு எட்டு விழுக்காடு கூலி கேட்பது நியாயமானால், பதினாறு மடங்குக்கு மேல் வேண்டும். 2020 டிசம்பர் உச்சத்தில் இருந்த 4,800 கோடி டாலரைப் பதினாறால் பெருக்கிப் பாருங்கள்: எழுபத்தைந்தாயிரம் கோடி டாலருக்கும் மேல், அதாவது அன்றைய டொயோட்டாவைப் போல் மும்மடங்கு. பேட்டரிப் பிரிப்பான் ஒன்றைக் கண்டுபிடித்த கம்பெனி, உலகின் மிகப் பெரிய கார் உற்பத்தியாளரைப் போல் மூன்று மடங்கு ஆனால்தான் அந்த விலை நியாயம். இக்கணக்குக்கு மின்வேதியியல் தேவையில்லை. அன்று வாங்கியவர்களில் இதைப் போட்டுப் பார்த்தவர் மிகச் சிலரே என்பது என் துணிபு. அதே கம்பெனியை மிகக் குறைந்த விலையில் வாங்கியவருக்கு இதே கணக்கு வேறு விடை தரும். ஆகையால் கம்பெனி நல்லதா தீயதா என்று என்னைக் கேட்பதில் பயனில்லை, என்ன விலைக்கு என்று கேளுங்கள்.

உங்களுக்கே உரிய அபாயம் ஒன்று இருக்கிறது. பங்குத் தரகர் எவரும் அதை உங்களிடம் சொல்லமாட்டார். உங்கள் சம்பளம் தொழில்நுட்பக் கம்பெனியிலிருந்து வருகிறது. சம்பளத்தின் ஒரு பகுதி அக்கம்பெனியின் பங்காகவே வருகிறது. வீட்டின் விலை அவ்வூரின் தொழில்நுட்ப வேலைகளைச் சார்ந்து நிற்கிறது. உங்களில் பலருடைய குடியிருப்பு உரிமையே எச்-1பி விசாவாயிருக்க, வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் அடுத்த ஆண்டு ஜூலைக்குள் ஐந்தே கால் விழுக்காட்டைத் தாண்டியபோது, தொலைதூர லாபத்தை நம்பிய கம்பெனிகளின் பங்குகள் சரிந்ததும், பெருங்கம்பெனிகள் ஆட்குறைப்புச் செய்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. பத்தாண்டுக்குப் பின் வரும் நூறு டாலர், இரண்டு விழுக்காடு வட்டியில் இன்று 82 டாலர் பெறும். எட்டு விழுக்காட்டில் 46 டாலர்தான். ஆக, விற்றே தீரவேண்டிய நெருக்கடி உங்களுக்கு வரும் நாளும், விற்க முடியாத விலைக்கு அப்பங்கு இறங்கும் நாளும் பெரும்பாலும் ஒரே நாளாக அமையும். ஓய்வூதியம் பெறும் ஓர் ஆசிரியர் இதே பங்கை வாங்கினால் அவருக்கு இந்த இரட்டை இடி இல்லை.

இவ்வளவும் சொன்னபின், ஒருவரும் இத்தகைய கம்பெனிக்குப் பணம் கொடுக்கலாகாது என்பதா என் கட்சி? அல்ல. எவரும் கொடாமலிருந்தால் 1991-க்குப் பிறகு ஒரு புதிய பேட்டரியும் பிறந்திராது. ஆண்டு வருமானத்தில் சிறு பகுதியை, முழுவதும் போனாலும் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாத அளவில், ஒரே கம்பெனியில் குவிக்காமல், ஒரே தேதியில் இடாமல், கம்பெனி ஆண்டுதோறும் ஒழுங்காணையத்திடம் தாக்கல் செய்யும் 10-கே அறிக்கையை முழுவதும் படித்தபின் கொடுப்பவரை நான் தடுக்கமாட்டேன். அவ்வறிக்கையில் அபாயங்களைப் பற்றிய பகுதி நீண்டது, சுவையற்றது. ஆனால் கம்பெனி தன்னைப் பற்றி உண்மையைச் சொல்லச் சட்டத்தால் கட்டுப்பட்ட இடம் அது. கையிருப்புப் பணத்தை ஆண்டுச் செலவால் வகுத்து, எத்தனை ஆண்டு தாங்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்பனை தொடங்கும் ஆண்டு என்று கம்பெனி முன்பு சொன்னது எது, இப்போது சொல்வது எது என்பதை அருகருகே எழுதுங்கள். தாங்கும் காலம் முடிவதற்குள் விற்பனை தொடங்காதென்றால், அடுத்த பங்கு வெளியீடு நிச்சயம். அதுவரை பொறுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் இன்னும் மலிவான விலை காத்திருக்கும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் அமெரிக்காவில் வாங்கும் பங்குகளைப் பற்றி விடுமுறையில் ஊருக்கு வரும்போது உற்சாகத்தோடு பேசுகிறீர்கள். கேட்கும் அண்ணன்மாரும் மைத்துனர்மாரும், ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதித்திருப்பதாலும், கைப்பேசியிலேயே நியூயார்க் பங்கை வாங்கும் வசதி வந்துவிட்டதாலும், உங்கள் சொல்லை நம்பி நிலம் விற்ற பணத்தையும் பணிக்கொடைத் தொகையையும் அதே பங்குகளில் இட முற்படுகிறார்கள். அவர்களுக்கு 10-கே அறிக்கை படிக்கும் பழக்கம் இல்லை. நஷ்டம் வந்தால் ஈடு செய்ய டாலர் சம்பளமும் இல்லை. உங்கள் பணத்தை நீங்கள் விரும்பியபடி இடுங்கள். ஊரில் யாரேனும் கேட்டால், இது அவர்களுக்கு உரியதன்று என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் ஒருவன்